சதுரக் குழியில் இருந்தவர்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய எங்கள் கில்வா தீவில் பாவோ என்ற குழி ஆட்டம் ஆடுகிறவர்கள் மணலில் குழி பறித்துத்தான் ஆடுகிறார்கள். பலகை இல்லாமல் இல்லை. மாமரத்தில் குடைந்த, நாலு வரிசைக் குழிகளுள்ள நல்ல பலகை ஒன்று ஷவேஜி பக்காரியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதன் குழிகளில் சுல்தான்கள் குடியிருந்தார்கள். அதனால் ஆட்டத்துக்கு அது கிடைக்காது.

"ஏய் ஷவேஜி, உன் ராஜாமாரைக் கொஞ்ச நேரம் எழுப்பி அந்தாண்ட உக்கார வையேன். ரெண்டு ஆட்டம் போட்டுட்டுத் தந்துடறோம்" என்று காபிக்காரனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்பார்கள்.

வேறு யாராவது இருந்தால் அதற்கு ஏற்றபடி ஒன்று சொல்லியிருப்பார்கள். ராஜாக்கள் தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், ஏதோ ஒன்று. ஷவேஜி, "குழி மாறிப்போயிடும்" என்பார். கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோணிக்குப் போய்விடுவார். தீவில் எல்லோரும் எல்லோரையும் கேலி செய்துகொண்டிருக்கும்போது அவர் ஒருவருக்கு மட்டும் அந்த நரம்பு அமையவில்லை.

அவர் தொழில் தோணி; ஏறுகிறவர்கள் நஹோதா என்று கூப்பிடுவார்கள். தீவுக்கும் எதிர்க்கரை மசோகோவுக்கும் இடையில் ஆள் ஏற்றுவார். பாய் ஒட்டுப்போட்டது, பலகைகளுக்கு நடுவே தண்ணீர் கசியும், வெட்டிய எண்ணெய் டப்பாவால் யாராவது இறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆனால் அவர் தோணி கவிழ்ந்ததில்லை. மசோகோவில் பிரதி எடுக்கும் கடையில் எனக்கு வேலை. தினமும் அதில்தான் போய்வந்தேன். முன்பலகையில் உட்கார்ந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அங்கே உட்காருவேன். சுக்கான் பிடிக்கும் அவருக்கும் பேச்சு வராது. இந்தப் பொருத்தத்தில்தான் அவரைத் தெரிந்துகொண்டேன்.

அவருக்குக் காசுப் பித்து பிடித்தது தோணியால்தான். ஒரு நாள் தண்ணீர் வற்றித் தோணி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. வெள்ளம் ஏறும்வரை அவர் கோட்டைக்குக் கீழே கரையில் காத்திருந்தார். அங்கே கடல் மேட்டை அரித்து அரித்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே தள்ளும். பானை ஓடு, மணி, மீன் முள், சில சமயம் செப்புக் காசு. விரல் நகமளவு, பச்சைப் பாசி பிடித்து, மீன் செதில் போல இருக்கும். எங்கள் ஊரில் பிறந்த எவரும் அதைப் பொறுக்காமல் வளர்ந்ததில்லை. பிள்ளைகள் சுண்டி விளையாடிவிட்டு எறிந்துவிடுவார்கள்.

அன்றைக்கு ஷவேஜி எறியவில்லை, வேறு வேலை இல்லாததால் படித்தார். குர்ஆன் ஓதும் பள்ளியில் எல்லோரும் அரபு எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள்தாம். பொருள்தான் பாதி தெரியாது. ஒரு பக்கம் 'அலீ இப்னுல் ஹசன்' என்றிருந்தது. ஹசனின் மகன் அலீ. திருப்பினால் 'யதிக்கு பி மௌலல் மினன்'. அருள்களுக்கெல்லாம் உடையவனை நம்பியிருப்பவன். பள்ளியில் உடம்பை ஆட்டிக்கொண்டு ஓதுவதுபோலச் சத்தமாக ஓதியிருக்கிறார். மினன், ஹசன். மினன், ஹசன். காசின் முதுகும் முகமும் ஓசை ஒத்துப்போயின.

"பாட்டா இருக்கே" என்று தோன்றியதாம். என்னிடம் அவர் சொன்ன நீளமான சங்கதிகளில் இது ஒன்று.

பிறகு கண்டுகொண்டார், எங்கள் பழைய சுல்தான்கள் காசடித்தபோது அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வருடம் போடவில்லை, ஊர்ப்பேர் போடவில்லை. ஒரு பக்கம் தன் பேர், மறு பக்கம் அந்தப் பேரோடு கடைசி ஓசை ஒத்துவருகிற மாதிரி இறைவன் பேர். இரண்டடிப் பாட்டு ஒன்றைச் செம்பில் அடித்துச் சந்தையில் விட்டிருக்கிறார்கள். கடலில் கிடந்த காசில் ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டாலும் மறு பக்கத்துக் கடைசிச் சொல் மட்டும் மிஞ்சினால் போதும். போன அடியை ஓசையை வைத்து எழுப்பிவிடலாம். 'மினன்' என்றிருந்தால் அந்தப் பக்கம் ஹசனின் மகன். 'மன்னான்' என்றிருந்தால் சுலைமானின் மகன். எழுத்தில் இரண்டுக்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். நிமிர்ந்து நிற்கும் அலிஃப் ஒன்று இருந்தால் மன்னான், இல்லாவிட்டால் மினன்.

கிடைத்த காசுகளைப் பேர்வாரியாகப் பலகையின் குழிகளில் வைத்தார்; அவற்றில் அலீ மட்டும் குவியலாக இருந்தார். கரையில் யார் குனிந்தாலும் கையில் வருகிறவர் அவர்தான். மற்றவர்கள் ஒன்றிரண்டு. பலகையின் நடு வரிசைகளில் பக்கத்துக்கு ஒன்றாகச் சதுரமான குழி இருக்கும். ஆட்டத்தில் அதற்கு வீடு என்று பேர். அந்த இரண்டு வீடுகளையும் ஷவேஜி இரண்டு சகோதரர்களுக்கு ஒதுக்கியிருந்தார்.

அந்தச் சகோதரர்களைப் பற்றி ஊரில் தெரியாதவர் இல்லை. அண்ணன், சுலைமானின் மகன் ஹசன். கொடைகளின் தந்தை என்று பேர் வாங்கியவர். பாறைமேல் கூரையில்லாமல் இன்னும் நிற்கிற அந்தப் பெரிய அரண்மனை அவருடையது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது வழியில் ஒரு ஏழை மறித்து, நீ போட்டிருக்கிற உடுப்பைக் கொடு என்றானாம். தருகிறேன் என்றாராம். இப்போதே என்றானாம். பக்கத்து வீட்டுக்குள் போய் வேறு துணி மாற்றிக்கொண்டு வந்து, போட்டிருந்ததை அப்படியே கொடுத்தாராம். அவர் போன பிறகு தம்பி தாவூது வந்தான். யாராவது கை நீட்டினால், "கொடுக்கறவர் செத்துட்டார், கொடுக்கறதுக்கு ஒண்ணும் வெச்சுட்டுப் போகல" என்று சொல்லி அனுப்புவானாம். யார் இறுக்கிப் பிடித்தாலும் எங்கள் ஊரில் தாவூது என்பார்கள்.

தாவூதின் காசு ஷவேஜியின் கைக்கு வரவே இல்லை. "கஞ்சன் காசு அடிச்சாலும் வெளிய விட்டிருப்பானா?" என்று காபிக்காரன் கேட்டான். அண்ணனின் காசும் வெகுகாலம் வரவில்லை. பிறகு ஒரு பெரிய வற்றத்துக்கு அடுத்த நாள் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்க மொட்டை. மறு பக்கத்திலும் பச்சைக்கு நடுவே கடைசிச் சொல் மட்டும் தெரிந்தது. மன்னான். அலிஃப் மெல்லியதாக, ஆனால் நேராக நின்றது. தம்பியும் சுலைமானின் மகன்தான், ஆனால் கஞ்சன் காசு கரைக்கு வராது என்று ஷவேஜி அதை அண்ணனின் சதுரக் குழியில் வைத்தார். அதற்குப் பிறகு யாரையும் அந்தக் குழியைத் தொட விடவில்லை.

தீவின் இடிபாடுகளைப் பார்த்துக்கொள்ளும் சாண்டே, கரையோரம் ஒற்றை அறைக் கட்டடம் ஒன்றைக் காட்சி அறையாக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். தீவில் கிடைத்தது தீவிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பூதக்கண்ணாடி வைத்துப் பலகையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்படியே பலகையோட குடுங்க. குழி மாறாம வெச்சுடறேன். யார் யார்னு சீட்டு ஒட்டிடலாம்" என்றார்.

ஷவேஜி ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தார். அவர் சம்மதித்ததற்குக் காரணம் ஒன்றுதான். தோணியில் என்னிடம் சொன்னார்: "அவ்வளவு பெரிய வீடு கட்டிட்டுப் போனவரு. வீட்ட எல்லாரும் வந்து பாக்கறான். அவரு பேர ஊர்ல ஒருத்தன் கண்ணால பாத்ததில்ல, தம்பி. திறப்பு அன்னிக்கு அவரு வீட்டுல இருக்கணும்."

வீடு என்று அவர் சொன்னது சதுரக் குழியை.

இதற்கு நடுவில்தான் அவர் மூத்த மகள் கல்யாணம் வந்தது, கல்யாணத்துக்குச் சோமோயே வந்தாள்.

சோமோயே ஷவேஜியின் அத்தை மகள். கணுக்கால் தண்ணீரில் நடந்து கம்பியால் பாறைப் பொந்தைக் கிளறி ஆக்டோபஸ் பிடிப்பவள். கட்டை குட்டையான உடம்பு, குரல் மட்டும் மசோகோ வரை கேட்கும். அத்தை மாமன் பிள்ளைகளுக்குள் எங்களிடம் உதானி உண்டு. உதானி உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் என்ன சொல்லியும் ஏசலாம், வீட்டில் புகுந்து எதையும் எடுக்கலாம். எடுத்ததைத் திருப்பி வாங்க ஏதாவது கொடுத்துச் சமாளிக்க வேண்டும். கோபப்படக் கூடாது. கோபப்பட்டவர் தோற்றவர், அந்தத் தோல்வியைப் பேரப் பிள்ளைகள் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள்.

கல்யாணத்தன்று பிலாவ் அண்டா அடுப்பில் இருந்தது. ஷவேஜி இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வந்தபோது சோமோயே பெண்களைச் சேர்த்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"மச்சான், எனக்கு உள்ளதக் குடுத்துட்டு உள்ள போ."

"வழி விடு, சோமோயே. அண்டா தீயுது."

"அண்டா தீயட்டும், என் வயிறு எரியுதே! பொண்ணக் கட்டிக்குடுக்கற, அத்தை மகளுக்கு ஒரு காங்கா வாங்கி வெச்சியா? ஒரு கைக்குட்டை வெச்சியா? மூக்குத் தொடைக்க ஒரு இலையாவது வெச்சியா?"

வாளி கனத்திருக்க வேண்டும். ஷவேஜி யோசிக்காமல், "கொடுக்கறவன் செத்துட்டான், என்கிட்ட என்ன இருக்கு குடுக்க?" என்றார்.

வாசலே வெடித்தது. பிலாவ் கிண்டியவன் கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தான். தாவூதின் வார்த்தையைத் தாவூதைப் போலவே சொல்லிவிட்டதை ஷவேஜி மெதுவாகத்தான் புரிந்துகொண்டார். தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னது செத்துட்டாருன்னு?" என்றாள் சோமோயே. "கொடுக்கறவரு உன் கட்டிலுக்கடியிலதான படுத்திருக்காரு? உன்கிட்ட எனக்கு என்ன பேச்சு, தாவூது? நான் அவருகிட்டயே கேட்டுக்கறேன்."

உள்ளே போனாள். வெளியே வரும்போது அவள் சுற்றியிருந்த காங்காத் துணியின் முனையில் ஒரு முடிச்சு இருந்தது. அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். பெண்கள் குலவையிட்டார்கள். மணப்பெண்ணும் சிரித்தாள். ஷவேஜியின் முகம் கறுத்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கோபம் வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திறப்பு விழாவுக்கு அதிக நாள் இல்லை. முதலில் மனைவி குருத்துமுவை அனுப்பினார். சோமோயே அவளுக்குத் தேங்காய்ப்பால் பணியாரம் சுட்டுக் கொடுத்து, மடி நிறையக் கதை சொல்லி, வெறுங்கையோடு அனுப்பினாள். பிறகு நல்ல மீன் ஒன்றை அனுப்பினார். மறுநாள் முள்ளும் தலையும் இலையில் கட்டித் திரும்பி வந்தன: "மச்சானுக்கு ரொம்ப நன்றி சொல்லு. ராஜாவுக்கும் ஒரு துண்டு வெச்சேன், வேணாம்னுட்டாரு."

பதிலுக்கு எடுப்பதும் முறைதான் என்று யாரோ சொல்ல, அவளுடைய ஆக்டோபஸ் கம்பியை எடுத்து வந்துவிட்டார். அவள் பக்கத்து வீட்டுக் கம்பியை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனாள். போகிற வழியில் தோணித்துறையில் நின்று சத்தம் போட்டாள்.

"அந்தக் கம்பி நல்லாக் குத்தும் மச்சான்! அதால உன் கஞ்சத்தனத்தக் குத்தி வெளிய எடு!"

தோணியில் ஏறியிருந்தவர்கள் மசோகோ வரை சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஷவேஜி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் இறைத்தேன்.

கடைசியில் அவரே அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்றார். நான் மசோகோவிலிருந்து அவளுக்கு வாங்கி வந்த உப்பை இறக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வேணும்னு சொல்லிடு, சோமோயே."

"உனக்கு என்ன வேணும்னு நீ சொல்லு மொதல்ல."

"திறப்பு அன்னிக்கு அவரு அங்க இருக்கணும். அவ்வளவுதான்."

அவள் வெயிலில் காயும் ஆக்டோபஸைத் திருப்பிப் போட்டாள். கேலிக்கு முன் அவள் முகத்தில் வருகிற அசைவு வரவில்லை. "ஏன் மச்சான், அவரு உனக்கு என்ன பண்ணாரு?" என்று சாதாரணமாகவே கேட்டாள்.

ஷவேஜி தரையைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு அடிதான் மிச்சம் இருக்கு. அதுவும் போயிட்டா அவரு இருந்ததாவே ஆகாது."

அவளுக்கு அது எந்த அளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஆனால் உடனே பழைய சோமோயே திரும்பி வந்துவிட்டாள். "அப்போ அவரு குடுத்த மாதிரி குடுத்து வாங்கிக்க. வெள்ளிக்கிழமை, தொழுகை முடிஞ்சு வரும்போது, போட்டிருக்கறத. வீட்டுக்குள்ள போய் மாத்தறதெல்லாம் சுல்தானுக்கு. உனக்கு அந்தச் சலுகை கெடையாது."

ஷவேஜியிடம் நல்ல கன்சு ஒன்றுதான் இருந்தது. கணுக்கால் வரை வருகிற வெள்ளை அங்கி. கழுத்தைச் சுற்றிக் குருத்துமு தானே பழுப்புப் பட்டில் பின்னல் போட்டது. வெள்ளிக்கிழமைக்கும் பெருநாளுக்கும் மட்டும் போடுவார். அவர் வேறு எதையாவது போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போயிருக்கலாம். பழைய சட்டை ஒன்று இருந்தது. காபிக்காரனும் அதைத்தான் எதிர்பார்த்து எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஷவேஜி கன்சுவைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது அவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். துணி விற்கிறவனைப் போலக் கையை விரித்துக் கூப்பிட்டாள்.

"கொடைகளின் தந்தையே! நீங்க போட்டிருக்கறத எனக்குக் குடுங்க!"

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் தேடுவதை விட்டார்கள். ஷவேஜி நின்றார். பிறகு குனிந்து கன்சுவின் அடியைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். கழுத்துப் பின்னல் தொப்பியில் மாட்டித் தொப்பி விழுந்தது. கொஞ்ச நேரம் அவர் முகம் துணிக்குள்ளே இருந்தது. இரண்டு கையும் மேலே, பாய் இறக்கும்போது நிற்பதுபோல. வெளியே வந்தபோது இடுப்பில் கட்டியிருந்த கிகோய் வேட்டியும் கை இல்லாத பனியனும்தான் மிச்சம். மடிக்கத் தெரியாமல் மடித்து நீட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். நிறையப் பேர் சிரித்தார்கள். ஆனால் சோமோயே குலவையிட்டபோது அது கல்யாணக் குலவையாகவே இருந்தது. கன்சுவைத் தலைமேல் வைத்துக்கொண்டு காங்கா முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தா மச்சான், உன் ராஜா. ரொம்ப அழுக்கா வெச்சிருந்த. எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேச்சேன். பாரு, மாப்பிள்ள மாதிரி இருக்காரு."

காசு புதுச் செம்பாகச் சிவந்து மின்னிற்று. ஷவேஜி அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு பனியனோடு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை தோணியில் ஆள் குறைவு. நடுக்கடலில் காற்று விழுந்து பாய் தொங்கிற்று. அவர் சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டு காசை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

"தம்பி, இங்க வா. நீ படி."

நான் பின்னால் போய் வாங்கிப் பார்த்தேன். பாசி போனதில் எழுத்து முன்பைவிடத் தெளிவாக இருந்தது.

"மினன்" என்றேன்.

"அலிஃப் எங்க?"

திருப்பிப் பார்த்தேன், வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தேன். "இல்ல, நஹோதா."

"நேரா நின்னுதே."

நின்றது பாசி. செம்பு பூத்து எழும்பிய ஒரு பச்சை வரி, சரியாக அலிஃப் நிற்கிற இடத்தில் நின்றிருக்கிறது. ஓதும் பள்ளியில் படித்த கண்ணுக்கு நிமிர்ந்த கோடெல்லாம் எழுத்து. எலுமிச்சம்பழச் சாறு பட்டதும் எழுத்து கரைந்துவிட்டது. கையில் இருந்தவர் ஹசனின் மகன் யாரோ ஒருவர், அநேகமாக அலீ. கரையில் குனிந்தால் கிடைக்கிறவர்.

காற்று திரும்ப வந்தது. அவர் காசைக் கிகோய் மடிப்பில் செருகிக்கொண்டு பாயை இழுத்துக் கட்டினார்.

சாயங்காலம் நான் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சாண்டே அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். குருத்துமு மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் அவளுக்கும் நடந்துகொண்டிருந்த பேச்சு என்னைக் கண்டும் நிற்கவில்லை.

"சாண்டே ஏற்கெனவே கண்ணாடி வெச்சுப் பாத்தாச்சு. எழுதியும் குடுத்தாச்சு. மறுபடி எவன் பாக்கப் போறான்?" என்றாள். "என் கை ஒடியப் பின்னின கன்சு. ஊரே பாக்கப் பனியனோட வந்தீங்க. இப்போ போய் அது அவரு இல்லைன்னு சொன்னா இந்த ஊரு நம்மள வாழ விடுமா? சோமோயே ஒருத்தி போதும்."

"தெரியுது."

"தெரிஞ்சா வாய மூடிக்கிட்டு குழியில வைங்க."

ஷவேஜி பலகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சதுரக் குழியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"சுலைமானுக்கு மினன் ஒத்து வராது, குருத்துமு" என்றார்.

காசை அலீயின் குவியலில் போட்டார். மற்றதெல்லாம் பச்சையாக இருக்க அது ஒன்று மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. நான் எழுதி வைத்திருந்த 'ஹசன் இப்னு சுலைமான்' சீட்டைக் கிழிக்கப் போனேன். வேண்டாம் என்று கையமர்த்தினார். "சீட்டு இருக்கட்டும். வீடு அவரோடதுதான்."

மறுநாளே சாண்டேயிடம் அவரே சொன்னார். ஊருக்குத் தெரிய அதற்கு மேல் நேரம் ஆகவில்லை. காபிக்காரன் கோப்பை கழுவுகிறபோதெல்லாம் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டார்கள். தோணியில் ஏறுகிறவர்கள் சட்டையைக் கழற்றிக் கூலியாக நீட்டினார்கள். ஷவேஜி எல்லாவற்றையும் பாயைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் எதிர்பார்த்தவள் மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். கையில் கன்சு, துவைத்து, பெட்டி போட்டு, மடித்து.

"மச்சான், நான் தேய்க்காம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு" என்றாள். குரல் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நீ தேய்க்கலேன்னாலும் அது அலீதான்."

"அது உனக்குத் தெரியாமயே இருந்திருக்கும் இல்ல?"

அவள் கன்சுவை நீட்டினாள்.

"இத வாங்கிக்க."

"கொடுத்தத திரும்ப வாங்குனா என்னை என்னன்னு கூப்பிடுவ?"

சோமோயே யோசித்தாள். "தாவூதுன்னு."

"அதான்."

அவள் கன்சுவை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாசல் தாண்டும்போது, "அப்போ ஒரு அலீயக் குடுத்து ஒரு கன்சு வாங்கியிருக்கேன். கரையில இன்னும் நெறைய அலீ கெடக்கான் மச்சான், குருத்துமு அக்காவ உக்காந்து பின்னச் சொல்லு!" என்றாள். இது மசோகோ வரை கேட்டது. உள்ளே குருத்துமு உலக்கையைத் தேடினாள்.

திறப்பு அன்று நல்ல கூட்டம். எதிர்க்கரையிலிருந்து அதிகாரிகள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களை ஷவேஜியே ஏற்றி வந்தார், அந்தப் பழைய சட்டையில். முன்வரிசையில் சோமோயேயின் கணவன் கன்சு போட்டுக்கொண்டு நின்றான். அவன் குட்டை, அடியை மடித்துத் தைத்தும் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

பலகை நடுவில் கண்ணாடிக்குள் இருந்தது. வந்தவர்களில் ஒரு அம்மாள் குனிந்து பார்த்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, சதுரக் குழிகள் இரண்டிலும் பேர் இருக்கிறது, காசு இல்லையே, திருட்டுப் போய்விட்டதா என்று கேட்டார். சாண்டே தொண்டையைச் செருமிக்கொண்டு ஷவேஜியைப் பார்த்தார். காபிக்காரன் என் விலாவில் இடித்தான். ஷவேஜி எப்போதும் போல ஒற்றை வாக்கியம் சொல்வார், குழி காலி என்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

"அது அண்ணன் வீடும்மா" என்றார் ஷவேஜி. "அவரு கொடுக்கப் போயிருக்காரு. இது தம்பி வீடு. நீங்க ஏதோ கேக்க வர்றீங்கன்னு தெரிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டான்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். கூட்டத்துக்கு அது வேடிக்கை என்று உறைக்கவே கொஞ்சம் பிடித்தது. காபிக்காரன்தான் முதலில் சிரித்தான். பிறகு கன்சுக்காரன், பிறகு எல்லோரும்.

சோமோயே மட்டும் சிரிக்கவில்லை. தன் பிழைப்பில் இந்த ஆள் கை வைத்துவிட்டதாக அன்று முழுக்க, கிடைத்தவர்களிடமெல்லாம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.